காசிலிங்கத்துக்கு எடுத்து வைத்த புத்தகம்

பாளையங்கோட்டையில், பழைய கோட்டை மதிலின் கல்லை எடுத்துக் கட்டிய ஒரு நீளக் கட்டடத்தில், ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்திவந்தார்கள். நான்கு அலமாரிகள், அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்கள், இரண்டு நாள் பழசாக வந்து சேரும் பத்திரிகைகள், இரண்டு பெஞ்சுகள். 1901-ஆம் வருஷம் அதைப் பார்த்துக்கொள்ள நேசையா என்பவரை அமர்த்தினார்கள்.

நேசையா அதற்கு முன் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் வாத்தியாராக இருந்தவர். தொண்டையில் ஒரு வியாதி வந்தது. உயிர் தப்பியது, குரல் பாதிதான் திரும்பியது. நாலு வரி சேர்ந்தாற்போல் வாசித்தால் ஐந்தாவது வரியில் காற்றுதான் வரும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது என்று வேலையை விட்டுவிட்டு, மனைவி சாரம்மாளோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வாசகசாலையில் அவருக்கு இட்ட வேலை, கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கி வைப்பது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன கேட்பதென்று தெரியாது. அலமாரியின் முன் நின்று புத்தகங்களை முதுகு முதுகாகப் பார்த்துவிட்டு, "நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க" என்பார்கள். நேசையா உடனே கொடுக்கமாட்டார். போன புத்தகத்தில் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தைத் திரும்பப் படித்தீர்கள் என்று தன் பாதிக் குரலில் கேட்பார். அதை வைத்து ஒன்று எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது பொருந்திப் போகும்.

கருப்பட்டி வியாபாரி இசக்கியப்பனுக்கு வைத்தியப் புத்தகங்கள்தான் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். இசக்கியப்பன் அதில் உள்ள வியாதி ஒவ்வொன்றும் தனக்கு இருப்பதாகப் படித்துப் படித்து ஆறுதல் அடைவார். உப்பு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு வெள்ளம், நெருப்பு, கப்பல் கவிழ்ந்தது இவையெல்லாம் இருக்கவேண்டும். யாராவது கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருந்துவிட்டால் மறுநாளே புத்தகம் திரும்பி வந்துவிடும். இவற்றையெல்லாம் நேசையா வீட்டில் சாரம்மாளிடம் சொல்லுவார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த துக்கம் அவருக்கு இதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

காசிலிங்கம் 1903-இல் அங்கத்தினராகச் சேர்ந்தான். கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. முப்பது வயதிருக்கும். சைவ வேளாளர் குடும்பம், ஒரு காலத்தில் நிலம் நீச்சு என்று இருந்தவர்கள். அண்ணன் ஞானசம்பந்தன் தலைமையில் கூட்டுக் குடும்பமாக வீட்டில் பதினோரு பேர். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவான். கொடுத்ததை வாங்கிக்கொள்வான். அடுத்த சனிக்கிழமை அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுப்பான். எந்த இடம் பிடித்தது என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்துது அண்ணாச்சி" என்பான்.

நேசையாவுக்கு இது பொறுக்கவில்லை. நல்லொழுக்கக் கதை கொடுத்துப் பார்த்தார். துப்பறியும் கதை, ராஜாக்கள் சரித்திரம், பயிர்த்தொழில் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். இரண்டு வருஷம் ஒன்றும் ஒட்டவில்லை. காசிலிங்கத்தின் முகம் புத்தகத்தை வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுக்கும்போதும் இருந்தது.

மூன்றாவது அலமாரியின் அடித்தட்டில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. வடக்கே எங்கோ ஒரு மிராசுதார் ரயில் வருவதற்கு முந்திய காலத்தில் காசிக்கு நடந்து போய்வந்ததை எழுதி அச்சுப் போட்டது. அட்டையும் முதல் பக்கமும் போய், தலைப்பே இல்லாமல் கிடந்தது. எந்தச் சத்திரத்தில் தங்கினார், எங்கே தண்ணீர் உப்பு, எங்கே காலில் கொப்புளம் வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். 1905 கார்த்திகையில் நேசையா அதைக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை காசிலிங்கம் புத்தகம் இல்லாமல் வந்தான். இன்னும் ஒரு வாரம் வேண்டுமென்றான். பிறகு இன்னும் ஒரு வாரம்.

நேசையாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன், அவனுக்குப் பயணம்தான் வேண்டியிருக்கிறது என்று சாரம்மாளிடம் சொன்னார். நிர்வாகத்தாரிடம் மன்றாடி, ரங்கூனுக்குப் போகிறவர்களுக்கான ஒரு வழிகாட்டியும், இலங்கைத் தோட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகமும் சென்னையிலிருந்து வரவழைத்தார். அவை வந்ததும் வேறு யாருக்கும் கொடுக்காமல் காசிலிங்கத்துக்கென்று மேஜைக்குள் எடுத்து வைத்தார். அவன் அவற்றையும் கொண்டுபோய் இரண்டிரண்டு வாரம் வைத்திருந்தான். தை மாதம் காசிப் புத்தகத்தையே மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் காசிலிங்கம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் கச்சேரிக்குக் கிளம்பினான். கச்சேரிக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

ஆற்றில் தேடினார்கள். பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் ஆள் அனுப்பினார்கள். அண்ணன் ஞானசம்பந்தன் வாசகசாலைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனார். நேசையா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதாவது, போன சனிக்கிழமை வந்தான், பத்திரிகை பார்த்தான், போனான். புத்தகங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அண்ணன் படியிறங்கிப் போனார். காசி, ரங்கூன், இலங்கை என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தது தன் கை என்பது அப்போதுதான் நேசையாவுக்கு உறைத்தது.

பத்து நாள் கழித்து, நடுப்பகலில், காசிலிங்கத்தின் மனைவி சண்முகசுந்தரி நேசையா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை பிரம்மநாயகி. முந்தானைக்குள் காசிப் புத்தகம். வாசகசாலைக்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்பதால் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். நேசையா சாப்பிட வந்திருந்த நேரம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது அண்ணாச்சி. இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. அவுக எங்கிட்ட ஒண்ணும் பேச மாட்டாக. இதைத்தான் பாத்துக்கிட்டே இருப்பாக."

ஒருவன் காசிக்கு நடந்துபோன கதை என்று நேசையா சொன்னார். எந்த வழியாக என்று அவள் கேட்டாள். அவர் ஊர்களைச் சொல்ல ஆரம்பித்தார், குரல் அடைத்துக்கொண்டது. சாரம்மாள் மிஷன் போர்டிங்கில் படித்தவள்; குரல் கணீரென்று இருக்கும். புத்தகத்தை அவள் வாங்கிக்கொண்டாள். லேஸ் பின்னக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வா, வாரத்துக்கு இரண்டு மத்தியானம் நான் வாசிக்கிறேன் என்றாள்.

அப்படியே நடந்தது. சண்முகசுந்தரி உள்ளே வரமாட்டாள், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டாள். பின்முற்றத்தில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, மடியில் நூலும் ஊசியும் வைத்துக்கொண்டு கேட்பாள். வாசற்படியில் உட்கார்ந்து சாரம்மாள் வாசிப்பாள். சில நாள் நேசையாவும் இருப்பார்.

அவள் கேட்ட விதத்தை நேசையா அதுவரை எந்த வாசகரிடமும் கண்டதில்லை. மிராசுதார் செருப்பு அறுந்துபோனதைச் சொன்னால், "அவுகளும் ஐப்பசியில புதுச் செருப்பு வாங்குனாக" என்பாள். ஒரு சத்திரத்தில் மோர் விட்டார்கள் என்று வந்தால், அவருக்கு மோர் ஆகாதே, அங்கே தங்கியிருக்கமாட்டார் என்று நிச்சயமாகச் சொல்லி அடுத்த ஊருக்குப் போகச் சொல்லுவாள். வாசித்து முடிந்ததும், இப்போது எந்த ஊர்வரை போயிருப்பார் என்று நாள் கணக்குப் பார்ப்பாள். அந்தப் புத்தகம் எழுதி ஐம்பது வருஷம் ஆகிறது, இப்போது காசிக்குப் போகிறவன் ரயிலில் போவான் என்று அவளிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

நேசையா கடிதம் எழுத ஆரம்பித்தார். புத்தகத்தில் வரும் சத்திரங்களுக்கெல்லாம், 'மேலதிகாரி அவர்களுக்கு' என்று போட்டு, காசிலிங்கத்தின் அடையாளம் சொல்லி எழுதினார். இடது புருவத்தில் ஒரு தழும்பு. நகல் எழுதி எழுதி வலது நடுவிரலில் காய்ப்பு. பதினொரு கடிதம் போனது. நாலு, விலாசதாரர் இல்லையென்று திரும்பின. ஒரு ஊரிலிருந்து, சத்திரத்தை இடித்து ரயில் பாதை போட்டு இருபது வருஷமாகிறது என்று யாரோ தபால்காரர் எழுதியிருந்தார். காசியில் ஒரு மடத்திலிருந்து வந்த பதிலில், தெற்கேயிருந்து தினம் நூறு பேர் வருகிறார்கள், பெயர் எழுதி வைப்பதில்லை என்று இருந்தது. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் தெரிந்த மிஷன் உபதேசிமார் மூலம் எழுதினார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள், வாசிப்புக்கு நடுவில், நேசையா அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்தப் புத்தகத்தை அவன் கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன். மற்ற இரண்டையும் நான்தான் வரவழைத்தேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தேடித் தேடி இதில் கொண்டுவந்து விட்டவன் நான்தான் என்றார்.

சண்முகசுந்தரி கோபப்படவில்லை. ஊசியை நூலில் குத்தி வைத்துவிட்டு யோசித்தாள்.

"தெரியும். எனக்குன்னு ஒருத்தர் எடுத்து வைக்காருன்னு ஒரு நாள் சொன்னாக. ஏன் அண்ணாச்சி, வீட்டுல இருக்க வைக்குத மாதிரி புஸ்தகம் ஒண்ணும் அங்கன இல்லையா?"

குற்றம் சொல்ல அவள் அதைக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நேசையா நான்கு அலமாரிகளையும் மனதுக்குள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். சாரம்மாள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு வாசகசாலையில் அவர் கை ஓடவில்லை. யாராவது "ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றால், நீங்களே பாருங்கள் என்று விலகிக்கொள்வார். உப்பு இலாகா கிழவர் நாலு வாரம் ஏமாந்து, ஐந்தாவது வாரம் நிர்வாகத்தாரிடம் புகார் சொன்னார். ஒரு பள்ளி ஆசிரியர் வந்து, தன் தங்கை குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறாள், எழுத்து வாசனை உள்ளவள், மனதுக்கு இதமாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். நேசையா இரண்டாவது அலமாரிவரை போனார். ஒரு புத்தகத்தின்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் என்ன செய்வாள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்ற பயம் வந்துவிட்டது. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆசிரியர் பிறகு வரவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதும் நேசையாவுக்குத் தெரியாது.

காசிப் புத்தகம் முடிந்துவிட்டது. சண்முகசுந்தரி மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். சாரம்மாள் வாசித்தாள்.

1907 சித்திரையில் இசக்கியப்பன் கருப்பட்டி விற்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டு வந்தார். நேரே வாசகசாலைக்கு வந்து, நேசையாவை வெளியே கூப்பிட்டார்.

"வே, அந்தக் கச்சேரி காசிலிங்கம் தூத்துக்குடியில இருக்கான். பஞ்சுக் கிட்டங்கியில சிப்பம் எண்ணி எழுதிக்கிட்டிருக்கான். என்னைப் பாத்து சௌக்கியமான்னு கேட்டான் வே."

ஓடி ஒளிந்தவன் மாதிரியே இல்லை என்று இசக்கியப்பன் சொன்னார். சொந்தப் பெயரிலேயே இருக்கிறான். அந்தப் பஞ்சுக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான். வேறு பெண் யாரும் இல்லை. ரயிலில் ஏறினால் அரை நாளில் போய் இறங்கிவிடும் ஊரில் பதினாலு மாதமாக இருந்திருக்கிறான்.

நேசையா அன்றே ஞானசம்பந்தனிடம் சொன்னார். அண்ணன் போனார், மறுநாளே திரும்பினார். வீட்டில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேச்சை இனி எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். சாரம்மாள் சொல்லித்தான் அவன் தூத்துக்குடியில் இருப்பது சண்முகசுந்தரிக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் வாசிக்கக் கேட்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்காராமல் நின்றுகொண்டே, நீங்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், உங்களிடம் பேசுவார் என்றாள். நேசையாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. தன்னிடமாவது பேசுவான் என்று நம்பினார்.

தூத்துக்குடியில் கிட்டங்கி வாசலில் காசிலிங்கம் அவரைப் பார்த்ததும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தான். பெஞ்சில் உட்காரவைத்து, இளநீர் வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முகம் மட்டும் சனிக்கிழமை சாயங்காலங்களில் இருந்ததுபோலவே இருந்தது.

வீட்டில் எல்லாரும் எப்படித் தவிக்கிறார்கள் என்று நேசையா சொன்னார். குழந்தை நன்றாகப் பேசுகிறது, மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது என்று சொன்னார். அடுத்த தெருக்காரர் வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல் அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஏன் வந்துவிட்டீர்கள், அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நேசையா கேட்டார்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அன்னிக்குக் கச்சேரிக்குத்தான் கெளம்புனேன். வாசல்ல ஸ்டேஷனுக்குப் போற வண்டி ஒண்ணு நின்னுது. ஏறிட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியலை அண்ணாச்சி."

மழுப்புகிறவன் பேச்சாக அது இல்லை. நேசையா பதினாலு மாதமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டார். அந்தக் காசிப் புத்தகம்தானே உங்களைக் கிளப்பியது என்றார்.

காசிலிங்கத்துக்கு முதலில் எந்தப் புத்தகம் என்று புரியவில்லை. புரிந்ததும் கூச்சப்பட்டான்.

"அதுல நான் நாலஞ்சு பக்கத்துக்கு மேல போகலை. நீங்க அவ்வளவு சந்தோஷமா எடுத்துக் குடுத்தீங்க. சட்டுன்னு திருப்பிக் குடுத்தா மனசு சங்கடப்படுவீங்கன்னு வச்சிருந்தேன்."

"தையில நீங்களாத்தான கேட்டு வாங்குனீங்க?"

"அது தடியா இருக்கும். சீக்கிரம் முடிச்சாச்சான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாக. வீட்டுல புஸ்தகத்தை விரிச்சு வச்சிருந்தா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாக அண்ணாச்சி. அதுக்குத்தான் வாங்கிட்டுப் போவேன்."

திரும்பி வருவீர்களா என்று நேசையா ஒப்புக்குக் கேட்டார். இல்லை என்று அவன் மரியாதையாகச் சொன்னான். ஸ்டேஷன்வரை கூட வந்தான். வழியில், வாசகசாலையில் இப்போது எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று விசாரித்தான். மனைவியைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

மணியாச்சியில் வண்டி மாறுவதற்குக் காத்திருந்தபோது, தன்மேல் குற்றம் இல்லை என்பது நிச்சயமாகிவிட்டதே என்று நேசையா நினைத்துப் பார்த்தார். அதனால் ஒரு நிம்மதியும் வரவில்லை. ஐந்து வருஷமாக ஆட்களைப் படித்து வைத்திருப்பதாக நினைத்தது என்ன ஆயிற்று என்றுதான் இருந்தது. மற்றவர்களும் தன் மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாரம்மாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சண்முகசுந்தரி வந்தாள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாரா என்று முதலில் கேட்டாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றார் நேசையா. சமையல் யார் செய்கிறார்கள் என்று கேட்டாள். அவரே செய்கிறார். காசிக்குப் போய்விட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாரா? போகவே இல்லை அம்மா, அன்றைக்கே தூத்துக்குடிக்குத்தான் போயிருக்கிறார். இரண்டு முறை அந்தப் பாதை முழுக்க அவள் அவனுடன் நடந்திருந்தாள்.

"பிள்ளையைப் பத்திக் கேட்டாகளா?"

நேசையா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அது தொண்டையின் குற்றமா என்று அவருக்கே தெரியவில்லை. வாசற்படியில் இருந்த சாரம்மாள் முந்திக்கொண்டாள்.

"கேட்டாராம் தாயி."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் சாரம்மாள் பொய் சொல்லி நேசையா கேட்டதில்லை. சண்முகசுந்தரியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவள் நேசையாவின் பக்கம் திரும்பினாள்.

"என்ன கேட்டாக அண்ணாச்சி?"

ஒரு வார்த்தை யாராவது சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். சாரம்மாளுக்கும் அதற்குமேல் வரவில்லை. சண்முகசுந்தரி ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த நூலையும் ஊசியையும் பையச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் எனக்காக ரொம்பப் பாடுபட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

வைகாசி முடிவதற்குள் அவளுடைய அப்பா வந்து அவளையும் குழந்தையையும் சிவசைலத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகுமுன் சாரம்மாளிடம் சொல்லிக்கொள்ள அவள் வரவில்லை. குழந்தைக்கு அங்கே ஒரு மாமன் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார் என்று மூன்று நாலு வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். காசிலிங்கம் தூத்துக்குடியிலேயே இருந்தான்.

நேசையா 1916 வரை அந்த வாசகசாலையில் வேலை பார்த்தார். புத்தகங்கள் ஆயிரத்தைத் தாண்டின, ஐந்தாவது அலமாரி வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை ஒரு கடுகடுத்த மனிதர் என்றே நினைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் பணம் கட்டிச் சேர்ந்த முதல் நாள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன படிக்கலாம் என்று மிகுந்த பணிவோடு அவரைக் கேட்டார். நேசையா சாவிக்கொத்தை எடுத்துப் போய் ஐந்து அலமாரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய், அந்த மனிதர் தானாக ஒன்றை எடுத்து முடிக்கும்வரை தெருவைப் பார்த்தபடி நின்றார்.